மலையகத்தில் வல்லாரை: இடம் பார்த்துப் பறிப்பது முதல் சொந்தப் பாத்தி வரை

இலங்கையின் மலையகத்தில் வல்லாரைக்குப் பஞ்சமே இல்லை. கான் (வடிகால்) ஓரம், பீலிக்கரை (ஊற்றுநீர் விழும் குழாயடி), லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறம், கோயில் முற்றம், பாதையோரம் என்று ஈரம் தங்கும் இடமெல்லாம் படர்ந்து கிடக்கிறது. விதைக்க வேண்டாம், நீர் ஊற்ற வேண்டாம், குனிந்து பறித்தால் போதும். அப்படிப் பறிப்பதில்தான் எனக்குக் கவலை. இலை நல்லதுதான், அது வளரும் இடம் நல்லதா என்று நம்மில் பலர் பார்ப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் செடியைப் பற்றிப் பேசும் அளவுக்கு நிலத்தைப் பற்றியும் பேசப்போகிறேன். நல்ல இடத்தில் ஒரு கொடியை எடுத்து, வீட்டருகே ஒரு பாத்தி போட்டு, அதிலிருந்தே வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

வல்லாரை கேரட் குடும்பத்துச் செடி. நுவரெலியாவில் விளையும் கேரட், செலரி, ரசத்தில் போடும் கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாமே அந்தக் குடும்பம்தான். குடும்பம் நல்லது என்பதால் அதில் உள்ள எல்லாவற்றையும் வாயில் போடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. சாக்ரட்டீசுக்குக் கொடுத்த ஹெம்லாக் நஞ்சும் இதே குடும்பத்துச் செடியிலிருந்து வந்ததுதான். ஆகவே ஒவ்வொரு அடையாளத்தையும் பொறுமையாகச் சரிபாருங்கள்.

ஒரு கொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டு நிலத்தோடு ஒட்டி ஓடும். வெயில் படும் இடத்தில் சற்றுச் சிவந்திருக்கும். ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கி, அங்கிருந்து நீண்ட காம்புகளோடு இலைகள் கொத்தாக எழும்பும். இலை சிறுநீரக வடிவம். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலம். காம்பு சேரும் இடத்தில் ஆழமாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவின் அடியிலிருந்து நரம்புகள் விசிறி போல விரிந்து ஓடும். ஓரம் முழுவதும் மழுங்கிய சிறு பற்கள். கசக்கி முகர்ந்தால் கேரட் இலையை நினைவூட்டும் மெல்லிய பச்சை வாசனை வரும். மென்றால் இலேசான கசப்பு.

பூவைத் தேடுவதற்கு இலைகளை விலக்கிப் பார்க்க வேண்டும். மண்ணுக்கு மேலே, இலைக்குக் கீழே, இளஞ்சிவப்பாக இரண்டு மூன்று பூக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை மிகச் சிறியவை; பல வருடம் வல்லாரை பறித்தவர்களில்கூடப் பூவைப் பார்க்காதவர்கள் இருக்கக்கூடும். காயும் சிறியது, பக்கவாட்டில் தட்டையானது, உற்றுப் பார்த்தால் வரிகள் தெரியும்.

ஏமாற்றும் செடிகள் சில உண்டு. அவற்றில் முக்கியமானவை ஹைட்ரோகொட்டைல் இனங்கள். 1753-ல் லின்னேயஸே வல்லாரையை அந்தப் பேரினத்தில்தான் வைத்தார். 1879-ல் இக்னாட்ஸ் உர்பன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர்தான் அதைப் பிரித்து சென்டெல்லா ஏசியாட்டிகா ஆக்கினார். அறிஞர்களுக்கே அத்தனை நெருக்கமாகத் தெரிந்த செடிகள் நமக்கும் ஒன்றுபோலத் தோன்றினால் ஆச்சரியமில்லை. வேறுபாடு இதுதான்: ஹைட்ரோகொட்டைலின் இலை வெறும் பற்களோடு நிற்காமல் மடல் மடலாக வெட்டுப்பட்டிருக்கும். சிலவற்றில் இலை மிகச் சிறிதாகவும் பளபளப்பாகவும் இருக்கும். சிலவற்றில் உரோமம் தெரியும். பூக்கள் சிறு உருண்டையாகத் திரண்டு, காம்பின் நுனியில் வெளியே நிற்கும். குளத்தோரம் அலங்காரத்துக்கு வளர்க்கும் இனங்களில் காம்பு இலையின் நடுவில் சேர்ந்து, இலை முழு வட்டமாக விரிந்திருக்கும். வல்லாரையில் காம்பு ஒருபோதும் இலையின் நடுவில் சேராது.

புல்தரையில் படரும் டைகோண்ட்ரா என்ற செடியின் இலையும் சிறுநீரக வடிவம்தான். ஆனால் அதன் ஓரம் மழமழவென்று இருக்கும், பல் இருக்காது. காட்டு வயலட்டின் இலையில் பல் இருக்கும், ஆனால் நுனி சற்றுக் கூராகி இதய வடிவம் எடுக்கும். சந்தேகம் தீராவிட்டால் பறிக்காதீர்கள். உங்கள் லயத்தில் இதைக் காலமெல்லாம் சமைத்த ஒரு பாட்டியிடமோ அத்தையிடமோ ஒரு கொடியை வேரோடு காட்டிக் கேளுங்கள். வெறும் இலையைக் கொண்டுபோனால் அவர்களாலும் உறுதியாகச் சொல்வது கடினம்.

பறிக்கும் முன் மேட்டைப் பாருங்கள்

இதுதான் என் கணக்கில் முழு வேலையிலும் முக்கியமான படி. வல்லாரை தாழ்ந்த, ஈரமான இடத்தில் வளர்கிறது. மலைச்சரிவில் தாழ்ந்த இடம் என்றால், மேலே உள்ள எல்லாம் மழையோடு வந்து சேரும் இடம். அதனால் செடி இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. நிமிர்ந்து, சரிவின் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மேலே தேயிலை மலை என்றால், அங்கே புல் மருந்து அடிக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். இலங்கையில் 2015-ல் கிளைபோசேட் களைநாசினிக்குத் தடை வந்தது. 2018-ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆகவே மற்ற நிலங்களில் தடை நீடித்தபோதே தேயிலை நிரைகளுக்கு அந்த மருந்து திரும்பி வந்துவிட்டது. இதில் ஒரு ஆபத்தான விஷயம் உண்டு. கிளைபோசேட் பட்ட செடி அன்றே வாடாது. இலை வழியாக உள்ளே போய், மெதுவாகத்தான் வேலை செய்யும். குளிர்ந்த, மேகமூட்டமான நாட்களில் மஞ்சளாக மாற ஒன்றிரண்டு வாரம்கூட எடுக்கும். அதுவரை பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். "இலை நன்றாகத்தானே இருக்கிறது" என்று பறித்துவிட்டால், மருந்து இலைக்குள்ளேயே இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அது வெளியே வராது.

எனவே மருந்தடிக்கும் மலையில், நிரைக்குள்ளும் சரி, கானிலும் சரி, வல்லாரை பறிக்க வேண்டாம். எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று என்னைக் கேட்டால், அந்த மலையை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மருந்தடிக்கும் தொழிலாளர்களிடம் கேளுங்கள். எந்த மலை, எந்த நாள், எதை அடித்தார்கள் என்று அவர்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. புல் மட்டும் பட்டை பட்டையாகப் பழுப்பாகி, பக்கத்திலுள்ள தேயிலைச் செடிகள் பச்சையாக இருந்தால், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நுவரெலியா, வெலிமடைப் பக்கத்தில் மேலே மரக்கறித் தோட்டம் இருக்கும். உருளைக்கிழங்குக்கும் லீக்சுக்கும் அடிக்கும் பூச்சி மருந்தும் பூஞ்சண மருந்தும் ஒருபுறம். மக்காத கோழி எரு மறுபுறம். இரண்டும் மழையில் வழிந்து கீழே உள்ள ஈரத்தில் தங்கும். அதேபோல லயத்துக் கழிவுநீர் ஓடும் கான், மலசலகூடக் குழிக்குக் கீழுள்ள சரிவு, மாட்டுப் பட்டிக்குக் கீழுள்ள சதுப்பு ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். மாடு ஆடுகள் மேயும் ஈரநிலத்தில் கல்லீரல் தட்டைப்புழுவின் பருவங்கள் இலைகளில் ஒட்டியிருக்கக்கூடும். பச்சையாகச் சாப்பிட்டால் அவை உடலுக்குள் போகும். பெரிய ரோட்டோரமும் வேண்டாம், அங்கே வாகனப் புகையும் தூசியும் படியும்.

அப்படியானால் எங்கேதான் பறிப்பது? வீட்டைச் சுற்றி, பல வருடமாக மருந்து படாத நிலம். மேலே குடியிருப்பும் தோட்டமும் இல்லாத ஊற்றின் கரை. மருந்தே பாவிக்காத ஒருவரின் வீட்டுத் தோட்டம். அவரிடம் கேட்டுக்கொண்டு பறிக்கலாம். ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்கா, ஹக்கலை இயற்கை ஒதுக்கம், சிவனொளிபாத மலைக் காட்டு ஒதுக்கம் போன்ற காப்புப் பகுதிகளில் எதையும் பறிக்கக் கூடாது. அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் காடுகளிலிருந்து ஒரு கொடிகூட எடுக்க எனக்கு மனம் வராது.

பறிக்கும் முறை

இது பல்லாண்டுச் செடி. ஓடும் தண்டும் வேரும் இருக்கும்வரை மீண்டும் மீண்டும் துளிர்க்கும். பிடித்து இழுத்தால் கொடி வேரோடு வந்துவிடும். மண்ணும் இலையில் ஏறும். சிறு கத்தியோ கத்தரிக்கோலோ கொண்டுபோய், இலைக்காம்பை மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டுங்கள். ஓர் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். புள்ளி விழுந்த, பூச்சி துளைத்த, மஞ்சளான இலைகளை அங்கேயே கழித்துவிடுங்கள்.

நேரம் என்றால், பனி காய்ந்த பிறகான காலை. அட்டை கடிக்கும் இடங்களில் காலுக்கு உப்போ சவர்க்காரமோ பூசிக்கொள்ளுங்கள். இலைக்கட்டை உதறிவிட்டுப் பையில் போடுங்கள், அட்டை இலையோடும் வீட்டுக்கு வரும். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் இலை கொழுத்து வளரும், ஆனால் சேறு தெறித்துக் கிடக்கும். மழை ஓய்ந்த பிறகு வரும் இலைதான் சுத்தமாக இருக்கும். ஊவாப் பக்கம் அதே மாதங்களில் வறண்ட காற்று வீசுவதால் இலை சிறுத்துக் கசப்பேறும். பதுளை, பண்டாரவளையில் உள்ளவர்கள் ஆண்டின் கடைசி மாதங்களின் மழைக்குப் பிறகு பறிப்பது நல்லது.

கொடியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

நல்ல இடம் கிடைத்ததும் அங்கேயே வருடக்கணக்கில் போய்ப் பறிக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று கணுக்கள் உள்ள கொடித் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு போதும். வேர் இறங்கிய கணுக்களாகப் பார்த்து, சிறிது மண்ணோடு தோண்டி, ஈரத் துணியில் சுற்றி எடுத்துவாருங்கள். விதையிலிருந்தும் வளர்க்கலாம், முளைக்க நாளாகும், நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

லயத்தில் இருப்பவர்களுக்கு நிலம் குறைவு என்பது தெரியும். வல்லாரைக்கு அதிக நிலம் வேண்டாம். வாசலோரம் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில் பாத்தி கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒருமுறை சம்பலுக்குப் போதும். அதுவும் இல்லையென்றால் அகலமான பேசின், வெட்டிய பிளாஸ்டிக் பீப்பாய், மரப்பெட்டி எதிலும் வளரும். வேர் ஆழமாகப் போகாது. ஒரு சாண் மண் இருந்தால் சரி. பீப்பாய் எதை அடைத்து வந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து வந்த பீப்பாயைக் கழுவிப் பாவிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

மண்ணைத் தேயிலை மலையிலிருந்தோ உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்தோ அள்ளி வராதீர்கள். பழைய மருந்தையும் கூடவே கொண்டுவந்துவிடுவீர்கள். வீட்டருகே உள்ள மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாணப் பசளை அல்லது குப்பைப் பசளை ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். மலையக மண் பொதுவாகப் புளிப்பானது. வல்லாரை அதைத் தாங்கும்; இருந்தாலும் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) தூவிக் கலந்தால் இலை செழிக்கும்.

நடும் முன் கொடியில் உள்ள பழைய இலைகள் எல்லாவற்றையும் வெட்டி வீசுங்கள். மனம் கேட்காது, செய்யுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் பாத்தியில் முளைத்த இலையை மட்டுமே நீங்கள் சாப்பிடுவீர்கள். கணு மண்ணில் அழுந்தும்படி ஒரு சாண் இடைவெளியில் கிடத்தி, மேலே மெல்லிய மண் தூவி, கையால் அமுக்கிவிடுங்கள். வேர் பிடிக்கும்வரை மண் ஒருநாளும் காயக் கூடாது. பீலித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றுங்கள், கான் தண்ணீர் வேண்டாம்.

பாதி நிழல் இதற்குப் பிடிக்கும். முழு வெயிலில் இலை சிறுத்துத் தடிக்கும். முழு நிழலில் காம்பு மட்டும் நீண்டு இலை வெளிறும். காலை வெயில் பட்டு மதியத்தில் நிழல் விழும் சுவரோரம் சிறந்தது. 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வருடத் தொடக்கத்தில் சில விடியற்காலைகளில் உறைபனி விழும். அந்த இரவுகளில் பழைய சாக்கு ஒன்றைக் குச்சிகளின் மேல் விரித்து மூடிவிட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். இலை கருகினாலும் பயப்பட வேண்டாம், வேர் பிழைத்தால் மீண்டும் துளிர்க்கும்.

மழைக்காலத்தில் நத்தை வரும். விளக்கு எடுத்துக்கொண்டு இரவில் போய்ப் பொறுக்குவதுதான் சாப்பிடும் கீரைக்கு ஏற்ற வழி. பாத்தியைச் சுற்றி மரச்சாம்பல் தூவலாம், மழை பெய்தால் திரும்பத் தூவ வேண்டும். கோழிகளைத் தடுக்க ஒரு வலை கட்டுங்கள். நாய், பூனை படுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமார் இரண்டு முதல் மூன்று மாதத்தில் பாத்தி மூடிவிடும். குளிரான உயரத்தில் இன்னும் சற்று ஆகலாம். அதன்பிறகு பாத்தியை மூன்றாகப் பிரித்து, மாறி மாறி வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மெல்லியதாகக் குப்பைப் பசளை தூவுங்கள். வருடத்துக்கு ஒருமுறை நெருங்கிப்போன கொடிகளைக் கலைத்து மறுபடி நடுங்கள்.

கழுவுதல்

காம்பைப் பிடித்து ஒவ்வோர் இலையாக ஓடும் நீரில் இருபுறமும் தேய்த்துக் கழுவுங்கள். மண் தங்குவது இலையின் பிளவிலும் காம்பின் அடியிலும்தான். பிறகு உப்பு நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, குடிக்கும் தரமான நீரில் இரண்டு முறை அலசுங்கள். உப்பு நீர் சிறு பூச்சிகளை விரட்டும், கிருமிகளை எல்லாம் கொல்லாது. ஆகவே நீரும் நிலமும் உறுதியாகத் தெரியாத இலையைப் பச்சையாகச் சாப்பிடாமல் சமைத்தே சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் எப்போதும் சமைத்தே கொடுங்கள்.

சம்பல்

கழுவிய இலையைத் துணியில் விரித்து நீர் முழுதும் உலரவிடுங்கள். ஈர இலையை அரிந்தால் சம்பல் சொதசொதவென்று ஆகிவிடும். இரண்டு கைப்பிடி இலையை இளங்காம்போடு இறுக்கமாகச் சுருட்டிப் பிடித்து, எத்தனை மெல்லியதாக முடியுமோ அத்தனை மெல்லியதாக அரியுங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி இலையை நசுக்கிக் கறுக்கச் செய்யும்.

ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, நான்கைந்து சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், இடித்த மாசிக் கருவாடு ஒரு தேக்கரண்டி, உப்பு. மாசி இல்லாவிட்டால் சற்று மிளகுத்தூள் போதும். வெங்காயம், மிளகாய், உப்பு மூன்றையும் முதலில் விரலால் பிசைந்து, பிறகு தேங்காய்ப்பூவைச் சேர்த்து, கடைசியாக இலையைப் போட்டுப் புரட்டுங்கள். தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளியைச் சோறு பரிமாறும் நேரத்தில்தான் விட வேண்டும். புளி பட்டால் பச்சை நிறம் சீக்கிரம் மங்கிவிடும்.

சமைத்துச் சாப்பிட வேண்டியவர்கள், வெங்காயம் மிளகாயை வதக்கி, அரிந்த இலையைப் போட்டு நன்றாகச் சூடேறிச் சுருங்கும்வரை கிளறி, தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். ரொட்டிக்கும் சோற்றுக்கும் இரண்டுமே பொருந்தும்.

இலைக்கஞ்சி

அரைச் சுண்டு (சுண்டு என்பது ஓர் அளவுக் குவளை) சிவப்பரிசியைக் கழுவி, நான்கு பல் பூண்டும் ஒரு சிறு துண்டு இஞ்சியும் தட்டிப் போட்டு, நிறையத் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். மலையின் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், அரிசி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம். இரண்டு கைப்பிடி வல்லாரையைச் சிறிது நீர் விட்டு அரைத்துப் பிழிந்து சாறு எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி குழைந்ததும் அரைக் கோப்பை தேங்காய்ப்பால், உப்பு சேர்த்து, ஒரு கொதி வந்ததும் சாற்றை ஊற்றுங்கள். மீண்டும் கொதி எழும்பியவுடன் இறக்குங்கள். அதற்கு மேல் அடுப்பில் இருந்தால் கஞ்சி பழுப்பாகி வாசனையும் போய்விடும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சூடாகக் குடிக்க வேண்டும். பனிமூட்டமான காலையில் மலைக்குப் போகும் முன் வயிற்றுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

எவ்வளவு, யாருக்கு வேண்டாம்

"வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே" என்பார்கள். இந்தக் கீரையின் மீது நம் மக்களுக்கு இருக்கும் மதிப்பை நானும் முழு மனதோடு சுமக்கிறேன். ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இதை மருந்தாகக் கொடுத்து அதிசயம் எதிர்பார்க்கும் பெற்றோருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நினைவாற்றல் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றே முடித்தது. புண் ஆறுவதற்கு உதவும் ஏசியாட்டிகோசைட், மடெகாசோசைட் என்ற சேர்மங்கள் இலையில் உண்டு. தோல் களிம்புகளில் அவற்றைச் சேர்ப்பது அதனால்தான். அதற்காகத் திறந்த காயத்தில் பச்சை இலையை அரைத்துக் கட்டாதீர்கள். மண்ணின் கிருமி நேரே உள்ளே போகும்.

உணவாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பிடுவது பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. மாத்திரையாகவோ சாறாகவோ நாள்தோறும் வாரக்கணக்கில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான். இருந்தாலும் கல்லீரல் நோயுள்ளவர்களும், தூக்க மாத்திரையோ நீரிழிவு மருந்தோ எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருந்தளவில் எடுக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருமஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உலர்த்தி வைப்பது

மேல் மலைநாட்டில் மூடுபனி காரணமாக நிழலில் உலர்த்துவது கடினம். இலை காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட நாட்களைப் பாருங்கள். ஊவாவில் காற்றுக் காலமே போதும். சுளகில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வைத்து, இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் புகை வாடை ஏறும். கஞ்சிக்கு அது ஒவ்வாது. விரலால் நசுக்கினால் நொறுங்கும் பக்குவத்தில் இடித்து, காற்றுப் புகாத போத்தலில் போட்டு, மாதத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்குள் பாவித்துவிடுங்கள். அதற்கு முன்பே பச்சை நிறம் போய்ப் புழுங்கிய வாசனை வந்தால் தூளைப் பாத்தியில் கொட்டிவிட்டு, புதிதாக ஒரு கட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.